சிண்டரெல்லாவும் சீர்திருத்தக்காரரும்

குழந்தைக் கதைக்காகப் பெரியவர்கள் பூசலிட்டுக் கொள்வார்களா என்று நீங்கள் கேட்கலாம். கொள்வார்கள். 1853-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அப்படி ஒரு பூசல் நிகழ்ந்தது. பூசலிட்டவர் இருவரும் எளியவர் அல்லர். ஒருவர் சார்லஸ் டிக்கன்ஸ். அந்நாளில் எழுத்தறிந்த ஆங்கிலேயருள் அவர் பெயரைக் கேளாதவர் இல்லை எனலாம். மற்றவர் ஜார்ஜ் குரூக்ஷாங்க். கேலிச் சித்திரம் வரைவதில் அந்நாட்டின் முதல்வரிசையில் நின்றவர். இருவரும் நெடுநாள் நண்பர்கள். அவர்களுக்கிடையே புகுந்து பிரிவு உண்டாக்கியவர்கள், கட்டைவிரல் அளவே உள்ள ஒரு சிறுவனும், அடுப்புச் சாம்பலருகே அமர்ந்திருந்த ஒரு பெண்ணுமே ஆவர்.

பூசலைச் சொல்லுமுன் அக்கதைகளின் பிறப்பைச் சிறிது அறிந்து கொள்ளுதல் நலம். பாட்டிமார் வாயிலும் செவிலியர் வாயிலும் வழங்கி வரும் கதைக்கு ஆசிரியர் யார்? ஒருவரும் இலர். எவரேனும் ஒருவர் அதைக் கேட்டு, தம் காலத்துக்கு ஏற்றபடி உடுத்தி, ஏட்டில் ஏற்றி விடுகிறார். செருப்பினால் அடையாளம் காணப்பட்டு அரசனை மணந்த யே ஷியன் என்ற பெண்ணின் கதையைச் சீன நாட்டில் துவான் செங்ஷி என்பவர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பாவில் சிண்டரெல்லாவுக்கு நாம் இன்று அறியும் உருவத்தை அளித்தவர் சார்லஸ் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர். பதினான்காம் லூயி மன்னனுடைய அமைச்சர் கொல்பேரிடம் பணி புரிந்தவர். பிரெஞ்சுக் கழகத்தின் உறுப்பினர். அத்தகைய பெரிய மனிதர் 1697-இல் எட்டுக் கதைகள் அடங்கிய சிறு நூலொன்றை வெளியிட்டார். பூசணிக்காய் வண்டியாவதும், கண்ணாடிச் செருப்பு ஒன்று நழுவுவதும் அந்நூலில் காணும் காட்சிகளே.

பெரோ நகைச்சுவை அறிந்தவர். நூறாண்டு உறங்கிய அழகியை இளவரசன் எழுப்புகிறான் அல்லவா? அவள் அணிந்திருந்த உடை அவனுடைய பாட்டி காலத்து உடை போல இருந்ததாம். அதை அவளிடம் சொல்லாமலிருக்க இளவரசன் மிகவும் கவனமாக இருந்தான் என்று பெரோ போகிற போக்கில் எழுதி விடுகிறார். கதைதோறும் இறுதியில் ஒரு நீதிப் பாட்டும் வைத்தார். சிண்டரெல்லாவுக்கு இரண்டு நீதிகள். அழகினும் இனிய குணமே உயர்ந்தது என்பது முதலாவது. அறிவும் திறமையும் எவ்வளவு இருந்தாலும், கைதூக்கி விடுவதற்கு ஒரு ஞானத்தாய் இல்லாவிட்டால் முன்னேற முடியாது என்பது இரண்டாவது! அரண்மனை வாசலில் நெடுங்காலம் நின்று பார்த்தவருக்கு அன்றி வேறு யாருக்கு இந்த இரண்டாவது நீதி தோன்றும்? ஆகவே, தேவதைக் கதையைச் சிரிப்போடு திருப்பிச் சொல்வதும், அதில் உபதேசத்தை ஒட்ட வைப்பதும் பெரோவின் காலத்திலேயே இருந்தன. 1729-இல் இக்கதைகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, இங்கிலாந்துக் குழந்தைகளின் சொத்தாகி விட்டன.

இனி நம் ஓவியரிடம் வருவோம். குரூக்ஷாங்க் 1792-இல் பிறந்தவர். டிக்கன்ஸுக்கு இருபதாண்டு மூத்தவர். கிரிம் சகோதரர்களின் ஜெர்மானியக் கதைகள் 1823-இல் முதன்முதலாக ஆங்கில நூலாக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் அவரே. குள்ளர்களும் கூளிகளும் அவர் ஊசிமுனையில் உயிர் பெற்றுத் துள்ளின. 1836-இல் டிக்கன்ஸின் முதல் நூல் வெளிவந்தபோது ஆசிரியரை அறிந்தவர் சிலர்; ஓவியரை அறிந்தவரோ பலர். 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலுக்கும் அவரே படம் வரைந்தார். பசித்த சிறுவன் கிண்ணத்தை ஏந்தி இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்கும் காட்சியை நினைக்குந்தோறும் நம் கண்முன் நிற்பது அவர் தீட்டிய உருவமே. 1848-இல் டிக்கன்ஸ் நடத்திய நாடகக் குழுவிலும் அவர் வேடம் புனைந்து நடித்தார்.

அவருடைய வாழ்வில் மது ஒரு துயரமாக இருந்தது. கேலிச் சித்திரக்காரராகவே விளங்கிய அவர் தந்தை குடிப்பழக்கத்தால் 1811-இல் மாண்டார். மகனும் இளமையில் மதுவை வெறுத்தவர் அல்லர். ஆனால் 1847-இல், ஒரு குடும்பம் குடியினால் படிப்படியாக அழிவதை எட்டுப் படங்களில் 'புட்டி' என்ற பெயரால் வரைந்து வெளியிட்டார். அது நாடெங்கும் பரவியது. பிறருக்கு அறம் உரைத்தவர் தாம் மட்டும் குடிக்கலாமா என்ற எண்ணம் அவரைப் பற்றிக் கொண்டது. அன்று முதல் மதுவை அறவே துறந்தார். துறந்ததோடு நில்லாமல் மதுவிலக்கின் பேச்சாளராகவும் ஆனார். விருந்துக்குச் சென்ற இடத்தில் பிறர் கையிலுள்ள கிண்ணத்தையும் அவர் விடுவதில்லை என்று நண்பர்கள் அஞ்சும் நிலை வந்தது.

டிக்கன்ஸ் இந்தப் படங்களின் ஆற்றலைப் போற்றினார். ஆயினும் அவருக்கு ஒரு குறை தோன்றிற்று. குடிகாரன் குடும்பம் முதலில் நல்ல நிலையில் இருந்ததாகவும், திடீரென்று ஒரு புட்டி வந்து கெடுத்ததாகவும் ஓவியர் காட்டினார். வறுமையும் அறியாமையும் துயரமும் மனிதனைக் குடிக்குத் தள்ளுவதை ஏன் காட்டவில்லை என்பது டிக்கன்ஸின் வினா. சாக்கடை நாறும் சந்துகளில், காற்றும் ஒளியும் இல்லாத அறைகளில் மக்களை அடைத்து வைத்துவிட்டுக் குடியை மட்டும் பழித்தல் முறையன்று என்று அவர் கருதினார். இருவருக்கும் இடையே இருந்த கருத்து வேற்றுமை இதுதான். ஒருவர் நோயைச் சுட்டினார்; மற்றவர் நோய்முதலைத் தேடினார்.

1853-இல் குரூக்ஷாங்க் 'தேவதைக் கதை நூலகம்' என்ற வரிசையைத் தொடங்கினார். படமும் அவருடையதே, எழுத்தும் அவருடையதே. முதலில் வந்தது 'கட்டைவிரல் பையன்'. ஏழைப் பெற்றோர் ஏழு பிள்ளைகளைக் காட்டில் விட்டு விடுகிறார்கள். கடைக்குட்டியின் அறிவால் அவர்கள் மனிதரைத் தின்னும் அரக்கனிடமிருந்து தப்புகிறார்கள். இதுவே பழைய கதை. குரூக்ஷாங்கின் கைபட்டதும் கதை மாறியது. குடும்பத்தின் வறுமைக்குத் தந்தையின் குடி காரணமாயிற்று. அரக்கனும் குடிகாரனானான். அதனோடு முடியவில்லை. முழு மதுவிலக்கு, சாராய விற்பனைத் தடை, சுங்கமில்லா வாணிகம், பொதுமக்கள் கல்வி ஆகிய நான்கும் அந்தச் சிறு கதைக்குள் புகுந்து அமர்ந்து கொண்டன. ஏழு காதம் தாவும் மந்திரக் காலணிக்குள் இத்தனை பேரும் நுழைந்தால் பையன் எங்கே தாவுவான்?

அவ்வாண்டுக் கோடையில் டிக்கன்ஸ் பிரெஞ்சுக் கடற்கரை ஊராகிய பூலோனில் தங்கியிருந்தார். அங்கிருந்து தம் துணையாசிரியருக்குக் கடிதம் எழுதித் தம் எண்ணத்தைத் தெரிவித்தார். பின்னர், தாம் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வோர்ட்ஸ்' என்ற வார இதழில் 1853 அக்டோபர் 1-ஆம் நாள் 'தேவதைகள் மீது நிகழ்ந்த மோசடி' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொடக்கத்தில் அவர் மெய்யாகவே பேசுகிறார். பொறுமை, பணிவு, ஏழையரிடமும் முதியோரிடமும் இரக்கம், விலங்குகளிடம் அன்பு, இயற்கையில் ஈடுபாடு ஆகியவை இக்கதைகளின் வழியாகவே குழந்தை நெஞ்சில் முதலில் இடம் பெற்றன என்கிறார். எதையும் பயன் என்ற ஒரே கோலால் அளக்கும் காலத்தில் தேவதைக் கதைகளை மதித்துக் காத்தல் இன்னும் இன்றியமையாதது என்கிறார். அடுத்த ஆண்டு இதே இதழில் அவர் எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில், பிள்ளைகளுக்குப் புள்ளிவிவரம் மட்டுமே ஊட்டி, கற்பனையைப் பட்டினி போடும் கிராட்கிரைண்ட் என்பவர் வருகிறார்.

ஒருவன் தன் கொள்கைக்காகக் கதையை மாற்றலாம் என்றால் எல்லாரும் மாற்றலாம் அல்லவா? இதற்கு டிக்கன்ஸ் ராபின்சன் குரூசோவைச் சான்றாக்குகிறார். மதுவிலக்குக்காரர் பதிப்பில் ரம் இராது. சமாதானச் சங்கத்தார் பதிப்பில் ரம் இருக்கும், வெடிமருந்து இராது. சைவ உணவினர் பதிப்பில் ஆட்டிறைச்சி இராது. அமெரிக்க அடிமை முதலாளிகள் தங்கள் பதிப்பில் ஃபிரைடேயை வாரம் இருமுறை சவுக்கால் அடிக்கச் செய்வார்கள். பழங்குடியோர் பாதுகாப்புச் சங்கத்தின் பதிப்பிலோ, மனிதரைத் தின்ன வருவோர் கரையிறங்கும்போதெல்லாம் குரூசோ ஓடிச் சென்று தழுவிக் கொள்வான். நூறாண்டில் குரூசோ தன் தீவிலிருந்தே திருத்தப்பட்டு வெளியேறுவான். தீவும் பதிப்பாசிரியர் கடலில் மூழ்கி விடும் என்று முடிக்கிறார்.

அதன் பிறகுதான் விளையாட்டுத் தொடங்குகிறது. சிண்டரெல்லா கதையைச் சீர்திருத்தக்காரர் ஒருவர் எழுதினால் எப்படியிருக்கும் என்று டிக்கன்ஸ் தாமே எழுதிக் காட்டுகிறார். கதாநாயகி அழகிய குழந்தை; நான்காவது வயதிலேயே, தன் சொந்த விருப்பத்தின் பேரில், சிறுவர் மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்து விடுகிறாள்! இது முழுக் கற்பனையன்று. 1847-இல் லீட்ஸ் நகரில் அத்தகைய சங்கம் தோன்றி நாடெங்கும் கிளை விட்டிருந்தது. அவளுக்கு ஒன்பது வயதானபோது தாய் இறக்கிறாள். ஐந்நூற்று இருபத்தேழாம் வட்டாரத்துச் சங்கச் சிறுவர் ஆயிரத்தைந்நூறு பேர், இருவர் இருவராக அணிவகுத்து, நாற்பத்திரண்டாம் எண் பாட்டைப் பாடிக் கொண்டு சவத்தின் பின் செல்கிறார்கள். அந்த இடுகாடு ஊருக்கு வெளியே உள்ளது. ஊர்ச் சுகாதாரக் கழகத்தின் மேற்பார்வையில் இருக்கிறது. அக்கழகம் குறித்த தவணைகளில் தலைமைக் கழகத்துக்கு அறிக்கை அனுப்புகிறது. தாயை இழந்த குழந்தையின் கண்ணீர் எங்கே போயிற்று? அறிக்கைக்குள் போயிற்று.

தந்தை மறுமணம் செய்கிறார். பதிவாளர் முன் உறுதிமொழி கூறி மணக்கலாம் என்ற சட்டம் அவருக்குத் தெரியும்; ஆயினும் சமயக் காரணம் பற்றி அவ்வழியை விரும்பவில்லை என்று கதை நின்று விளக்குகிறது. பிறகு அவரும் இறக்கிறார். ஏன் இறந்தார்? தண்ணீரில் முகம் மழிக்க வேண்டியவர் வெந்நீரில் மழித்து வந்தாராம். அதனால் உடற்கட்டு தளர்ந்து, மனைவியின் சினத்தைத் தாங்க இயலாமற் போயிற்றாம். மருத்துவப் பிற்சேர்க்கையைப் பார்க்குமாறு வாசகருக்கு அறிவுரையும் உண்டு.

தேவதை வருகிறாள். பூசணிக்காயை வண்டியாக்க வேண்டும். எந்தப் பூசணிக்காய்? அமெரிக்கப் பூசணிக்காய். அந்நாட்டின் சில மாநிலங்களில் மது விற்பனை தடுக்கப்பட்டிருப்பதுதான் காரணம். 1851-இல் மெய்ன் மாநிலம் அத்தகைய சட்டம் இயற்றியிருந்தது. நடனத்துக்குச் செல்லும் சிண்டரெல்லா பட்டுப் பாவாடை அணியவில்லை; கணுக்காலில் சுருக்கிக் கட்டிய வானநீலப் பட்டுக் காற்சட்டை அணிகிறாள். அமீலியா புளூமர் அம்மையாரின் பெயரால் அப்பொழுது இரு நாடுகளையும் கலக்கிக் கொண்டிருந்த உடை அது. செருப்புக்கு உரியவளைத் தேடி இளவரசன் செய்தித்தாளில் விளம்பரம் செய்கிறான். அங்கும் ஆசிரியருக்கு விளம்பர வரி நினைவுக்கு வந்து விடுகிறது. 1853-இல்தான் அந்த வரி இங்கிலாந்தில் நீக்கப்பட்டது.

கதையின் முடிவில் சிரிப்பினூடே கசப்பு எட்டிப் பார்க்கிறது. அரசியான சிண்டரெல்லா தாராளக் கொள்கையோடு ஆட்சி நடத்துகிறாள். அவள் உண்ணாததை உண்பவரும், அவள் பருகாததைப் பருகுபவரும் வாழ்நாள் முழுதும் சிறையில் இருக்கிறார்கள். அவள் கருத்துக்கு மாறான கருத்தை வெளியிட்ட செய்தித்தாள் அலுவலகங்கள் எரிக்கப்படுகின்றன. தம்மோடு எதிலேனும் மாறுபடுபவன் கொடியவனே என்று மேடைப் பேச்சாளர்கள் ஐயமற நிறுவுகிறார்கள். நல்ல நோக்கம் கொண்டவன் கையில் அதிகாரம் சேர்ந்தால் அவன் எதுவரை போவான் என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய எழுத்து அரிது.

ஆனால் அதே பத்தியில் ஒரு கறையும் இருக்கிறது. அரசி பெண்களுக்கெல்லாம் வாக்குரிமையும், பதவி வகிக்கும் உரிமையும் அளித்தாளாம். அதன் பயனாக அவர்களை நேசிக்க ஒருவரும் துணியவில்லையாம். இந்தக் கேலியை இன்று படிக்கும் மாணவிகள் புன்னகை செய்ய மாட்டார்கள்; செய்யவும் வேண்டா. 1918-இல் ஒரு பகுதிப் பெண்களும், 1928-இல் ஆடவருக்குச் சமமாக அனைத்துப் பெண்களும் இங்கிலாந்தில் வாக்குரிமை பெற்றனர். பிறர் தம் கொள்கையைக் கதையில் திணிக்கிறார்கள் என்று குற்றம் சாட்டியவர், தம் காலத்துத் தப்பெண்ணத்தைத் தம் கதையிலேயே விட்டுச் சென்றிருக்கிறார். எழுதுகிறவன் எவனும் தன்னை முழுதும் வெளியே நிறுத்திவிட்டு எழுத முடியாது போலும்.

இந்த ஏளனத்தைப் படித்த குரூக்ஷாங்க் பணிந்தாரா? இல்லை. 1854-இல் அவர் மெய்யாகவே ஒரு சிண்டரெல்லாவை வெளியிட்டார். திருமண நாளில், வழக்கப்படி, ஊரின் ஊற்றுகளில் திராட்சை மது பெருக வேண்டும் என்கிறான் அரசன். ஞானத்தாய் குறுக்கிட்டு மதுவின் கேட்டை விரித்துரைக்கிறாள். அரசன் மனம் மாறி, ஊரிலுள்ள மதுவையெல்லாம் திரட்டி மலைமேல் குவித்து, மணநாள் இரவில் எரியூட்டுகிறான். டிக்கன்ஸ் கேலிக்காகக் கற்பனை செய்ததை ஓவியர் மெய்ப்பித்து விட்டார்! படங்களோ மிக அழகியவை. எழுத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்த குழந்தைகள் பேறு பெற்றவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

அவர் வாளா இருக்கவும் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் தம் சொந்த இதழில், கட்டைவிரல் பையன் டிக்கன்ஸுக்கு எழுதுவதாக ஒரு கடிதம் வெளியிட்டார். அதிலுள்ள வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பழைய கதை தூயது என்கிறீர்களே, அதில் பெற்றோர் பிள்ளைகளைக் காட்டில் விடுகிறார்கள். பையன் தலையணிகளை மாற்றி வைத்ததால் அரக்கன் தன் ஏழு பெண்களின் கழுத்தையே அறுக்கிறான். பையன் காலணியைத் திருடுகிறான். இவையா குழந்தைக்கு ஏற்ற பாடம் என்று கேட்கிறது அக்கடிதம். மேலும், பழைய வடிவம் என்று ஒன்று உண்டோ? கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதற்பதிப்பில் பனிவெண்மையைக் கொல்ல ஏவுபவள் பெற்ற தாயே. 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகி விட்டாள். 1857 வரை வந்த ஏழு பதிப்புகளிலும் திருத்தம் நடந்து கொண்டே இருந்தது. திருத்துவோரைத் திருடர் என்றால் கிரிம் சகோதரரையும் பெரோவையும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டியிருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், மாற்றியது குற்றமன்று. மாற்றிய விதமே குற்றம் என்பேன். பெரோ நீதியைக் கதைக்கு வெளியே, வாலாகக் கட்டினார். வேண்டாத குழந்தை அதை விட்டுவிடலாம். கிரிம் சகோதரர் செய்த மாற்றங்கள் கதையின் ஓட்டத்தோடு கலந்து போயின. குரூக்ஷாங்கோ கதையை நடுவழியில் நிறுத்தி, மேடை போட்டு, சொற்பொழிவு செய்தார். எனினும் அவரை எள்ளி நகைக்க எனக்கு மனம் வரவில்லை. தந்தையைக் குடிக்குப் பறிகொடுத்த மகன், தன் கையில் கிடைத்ததையெல்லாம் அதற்கு எதிரான ஆயுதமாக்கினான். கிடைத்தவற்றுள் ஒரு கண்ணாடிச் செருப்பும் இருந்தது.

நூலக வரிசை மூன்று நூல்களோடு நின்றது. நான்காவது நூலாகிய 'காலணி அணிந்த பூனை' பத்தாண்டு கழித்து, 1864-இல் வந்தது. அதிலும் ஓவியர் தம் கட்சியை விளக்கி எழுதினார். பழைய நட்பு மீளவில்லை. டிக்கன்ஸ் 1870-இல் மறைந்தபின், 'ஆலிவர் ட்விஸ்ட்' கதைக்குக் கரு கொடுத்தவர் தாமே என்று குரூக்ஷாங்க் செய்தித்தாளுக்கு எழுதினார். மறுமொழி சொல்ல ஆள் இல்லை. 1878-இல் ஓவியரும் மறைந்தார்.

அப்படியானால் குழந்தைக் கதையை எப்படி எழுத வேண்டும் என்று டிக்கன்ஸ் நினைத்தார்? 1868-இல் அவரே ஒன்று எழுதினார். பெயர் 'மாய மீன்முள்'. ஏழு வயதுச் சிறுமி எழுதியதாக அமைத்திருக்கிறார். அதில் வரும் அரசன் முடி சூடியிருந்தாலும், அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளம். அவனுக்குப் பிள்ளைகள் பத்தொன்பது பேர். மூத்தவளாகிய அலீசியாவுக்கு ஒரு தேவதை மீன்முள் ஒன்றைத் தருகிறாள். வேண்டியதைக் கொடுக்கும், ஆனால் உரிய வேளையில் ஒரே ஒரு முறைதான். அதற்குக் காரணம் என்ன என்று அரசன் கேட்கிறான். எதற்கெடுத்தாலும் காரணம் கேட்கும் பெரியவர்களைக் கண்டு எனக்கு அலுத்து விட்டது என்று தேவதை சீறி விழுகிறாள்.

தாய் நோயுறுகிறாள், தம்பிக்குக் கையில் காயம், குழந்தை விழுந்து அடிபடுகிறது. ஒவ்வொரு முறையும் மீன்முள்ளைப் பயன்படுத்தவில்லையா என்று அரசன் கேட்கிறான். இல்லை அப்பா என்கிறாள் அலீசியா. தன் கையால் செய்யக் கூடியதையெல்லாம் அவளே செய்து விடுகிறாள். இறுதியில் தந்தை கையில் ஒரு காசும் இல்லை. எவ்வளவோ முயன்றும் எவ்வழியாலும் பெற முடியவில்லை என்று பெருமூச்சு விடுகிறான். அப்பொழுதுதான் அவள் மீன்முள்ளை எடுத்து முத்தமிடுகிறாள். உடனே அரசனின் மூன்று மாதச் சம்பளம் புகைபோக்கி வழியே கடகடவென்று உருண்டு வந்து கூடத்தின் நடுவே விழுகிறது. மீன்முள்ளோ, பறந்து சென்று, அடுத்த வீட்டில் எல்லாரையும் கடிக்க வரும் நாய்க்குட்டியின் தொண்டையில் சிக்கிக் கொள்கிறது. அந்த நாய்க்குட்டி எந்தக் கொள்கைக்கு எதிரி என்று டிக்கன்ஸ் எங்கும் சொல்லவில்லை.